புது மரவேலை, புதுப் பெயின்ட், மூடிய ஏசி அறை: வீட்டுக் காற்றைச் சரிசெய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், டிவி யூனிட், பாலிஷ், பெயின்ட் என்று எல்லா வேலையும் ஒன்றாக முடித்துவிட்டுக் குடிபோகிறவர்களுக்குக் கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, காலையில் எழுந்ததும் தலைபாரம் வருவது இப்போது அடிக்கடி கேட்கும் புகார். சென்னை போல வெக்கையும் ஈரப்பதமும் கூடிய ஊர்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறோம்.

கண்ணை எரிக்கும் அந்த நெடி எதிலிருந்து வருகிறது?

இரண்டு வகை இருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, கரைப்பான்கள். எனாமல் பெயின்ட், தின்னர், பியூ (பாலியூரிதேன்) பாலிஷ், மைக்கா ஒட்டும் ரப்பர் பசை ஆகியவற்றில் இருக்கும் டொலுவீன், சைலீன் போன்றவை. மூக்கில் ஏறும் பெட்ரோல் பங்க் மாதிரியான வாசனை இவற்றுடையது. ஆசாரிகள் மர இணைப்புக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசை தண்ணீரில் கலந்தது. அதனால் பெரிய தொல்லை இல்லை.

இன்னொன்று ஃபார்மால்டிஹைடு. பார்ட்டிகிள் போர்டு (மரத்தூள் பலகை), எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), எம்ஆர் கிரேடு (ஓரளவு ஈரம் தாங்கும் சாதாரண வகை) பிளைவுட் மூன்றிலும் மரத்தூளையும் தகடுகளையும் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசைதான். வார்ட்ரோப் கதவைத் திறந்ததும் கண்ணில் சுருக்கென்று குத்தினால் இதைச் சந்தேகியுங்கள். மெலமைன் பாலிஷ் இரண்டு பக்கமும் சேர்ந்தது: கரைப்பானும் வரும், காயும்போது ஃபார்மால்டிஹைடும் வரும்.

எத்தனை நாளில் போகும்?

கரைப்பான்களில் பெரும்பங்கு முதல் சில வாரங்களிலேயே போய்விடும். காற்றோட்டம் நன்றாக இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்கு இறங்கும்.

ஃபார்மால்டிஹைடு அப்படியில்லை. காற்றிலுள்ள ஈரம் பலகைக்குள் இறங்கி, பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து அந்த வாயுவை வெளியே விடுகிறது. பசை இருக்கும்வரை இது நடக்கும். வேகம் மட்டும் குறைந்துகொண்டே வரும். அதனால் வருடக் கணக்கில்தான் பேச வேண்டும். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுப் புயல்களுக்குப் பிறகு வீடிழந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட டிரெய்லர் வீடுகளில் 519ஐ அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் அளந்தது. சராசரி 0.077 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு), அதிகபட்சம் 0.59 பிபிஎம். வீட்டுக்குள் இருக்கலாம் என்று கீழே சொல்லும் எல்லை சுமார் 0.08. அளந்தது குளிர்காலத்தில் என்பதைக் கவனியுங்கள். வெயில் காலத்தில் இன்னும் கூடியிருக்கும்.

"வாசனை இப்போது தெரியவில்லை" என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மூக்கு பழகிவிடும். இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பிக் கதவைத் திறக்கும் அந்த முதல் நிமிடத்தில் தெரிவதுதான் நம்பத்தக்கது.

இ1 முத்திரை உள்ள பலகைதான் வாங்கினோம். அப்புறம் எப்படி?

முத்திரை பொய்யில்லை. அது எந்தச் சூழலில் கொடுக்கப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஐரோப்பியச் சோதனையில் பலகையை ஒரு பெட்டிக்குள் வைப்பார்கள். வெப்பம் 23 டிகிரி, ஈரப்பதம் 45 சதவீதம், மணிக்கு ஒருமுறை முழுக் காற்றும் மாறும், ஒரு கன மீட்டர் இடத்துக்கு ஒரு சதுர மீட்டர் பலகை. இந்த நிலையில் காற்றில் ஃபார்மால்டிஹைடு ஒரு கன மீட்டருக்கு 0.124 மில்லிகிராமைத் தாண்டவில்லை என்றால் இ1.

இப்போது நம் படுக்கையறைக்கு வாருங்கள். ஏசி போடாத பகலில் 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம். வெப்பம் 23இலிருந்து 30க்கு ஏறினாலே வெளியேறும் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஈரப்பதம் 45இலிருந்து 75 ஆனால் மேலும் ஒன்றரை மடங்கு. இரண்டையும் பெருக்கினால் அதே பலகை சோதனைப் பெட்டியில் விட்டதைப் போல மூன்று மடங்காவது விடுகிறது.

பலகையின் அளவையும் பாருங்கள். 8 அடி அகலம், 7 அடி உயரம், 2 அடி ஆழத்தில் ஒரு வார்ட்ரோப் என்றால் கதவு, பின்பலகை, பக்கம், தட்டுகள் எல்லாம் சேர்த்து 260 சதுர அடிக்கு மேல் பலகை போகும். இரண்டு முகத்தையும் கணக்கிட்டால் சுமார் 49 சதுர மீட்டர். 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் கொள்ளளவு 34 கன மீட்டர்தான். அதாவது சோதனையில் வைத்ததைவிட ஒன்றரை மடங்கு நெருக்கம். மைக்கா ஒட்டிய முகங்கள் கொஞ்சமாகத்தான் விடும் என்பது ஒரு ஆறுதல். ஆனால் மூடிய ஏசி அறையில் மணிக்கு ஒருமுறை காற்று மாறுவதெல்லாம் நடப்பதேயில்லை.

ஆகவே இ1 என்பதைக் குறைந்தபட்சத் தகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் காற்று எப்படி இருக்கும் என்பதை அது சொல்லாது.

எவ்வளவு வரை இருக்கலாம்? அதை எப்படி அளப்பது?

வீட்டுக்குள் ஃபார்மால்டிஹைடு ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமை, அதாவது சுமார் 0.08 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2010இல் கொடுத்த வழிகாட்டு அளவு. அரை மணி நேரச் சராசரி அது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதியான பொருட்களின் முதல் பிரிவில் ஃபார்மால்டிஹைடு இருப்பதால், அந்த எல்லைக்குக் கீழே வந்தாலும் இன்னும் குறைக்க முயல்வதே நல்லது.

ஆன்லைனில் கிடைக்கும் கைக்கடக்கமான மீட்டர்களின் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். டிவிஓசி (ஆவியாகும் கரிமப் பொருட்களின் மொத்த அளவு) என்று காட்டுபவற்றில் பலவும் சானிடைசர், சென்ட், புளித்த தோசை மாவு எதற்கும் எகிறும். ஒப்பிட மட்டும் அவை உதவும்: அதே மீட்டர், அதே இடம், அதே நேரம், ஜன்னல் திறப்பதற்கு முன்பும் பின்பும்.

சரியான எண் வேண்டுமானால் ஆய்வகம்தான் வழி. டிஎன்பிஎச் என்ற பொருள் பூசிய குழாய் வழியாகக் காற்றை இழுத்து, பிறகு ஆய்வகத்தில் பிரித்து அளப்பார்கள். அளப்பதற்கு முன் 8 முதல் 12 மணி நேரம் ஜன்னல், கதவு மூடியிருக்க வேண்டும். வார்ட்ரோப் கதவுகள் வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். வெயில் காலத்தில் அளந்தால்தான் மோசமான நிலை தெரியும். மார்கழியில் அளந்துவிட்டு நிம்மதியடையாதீர்கள்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா?

ஒரே ஒரு ஜன்னலைத் திறந்தால் காற்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். நுழைய ஒரு வழி, வெளியேற எதிர்ப்பக்கம் ஒரு வழி இருந்தால்தான் அறைக்குள் ஓட்டம் வரும். அடுக்குமாடி வீட்டில் இதை ஃபேன் வைத்துத்தான் செய்ய முடியும்.

ஜன்னலின் மேல்பகுதியில் எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்துங்கள். அறையின் கொள்ளளவை மூன்றால் பெருக்கினால் குடியேறிய முதல் மாதங்களுக்குத் தேவையான அளவு வரும். 34 கன மீட்டர் அறைக்கு மணிக்கு சுமார் 100 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் அச்சிட்டிருப்பது தடையே இல்லாமல் ஓடும்போது தள்ளும் அளவு. கொசுவலை, லூவர் எல்லாம் சேர்ந்தால் பாதிதான் மிஞ்சும். ஆகவே 200 என்று போட்ட 6 அங்குல ஃபேன் வாங்குங்கள்.

எங்கே கெட்டுப்போகிறது என்றால், பெரும்பாலும் காற்று நுழையும் பக்கத்தில். ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலையே திறந்து வைத்தால், அதன் வழியே வந்த காற்று அப்படியே ஃபேன் வழியே போய்விடும்; வார்ட்ரோப் பக்கம் அசைவே இருக்காது. எதிர்மூலை ஜன்னலை இரண்டு அங்குலம் திறங்கள். அப்படி ஜன்னல் இல்லையென்றால் கதவுக்கு அடியில் முக்கால் அங்குல இடைவெளி விட்டு, ஹாலில் ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும். ஓர் ஊதுவத்தியைக் கதவு இடுக்கில் பிடித்தால் புகை உள்நோக்கி இழுபட வேண்டும். தயங்கி நின்றால் வழி போதவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். பாத்ரூமில் கேஸ் கீசர் இருந்தால், எக்ஸாஸ்ட் இழுக்கும் இழுப்பில் அதன் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பி வரலாம். அது உயிரையே எடுத்துவிடும். கேஸ் கீசரை வீட்டுக்கு வெளியே மாற்றாமல் பலமான எக்ஸாஸ்ட் ஓட்ட வேண்டாம். அடுத்தது, பயன்படுத்தாத பாத்ரூமின் தரை டிராப்பில் (சாக்கடை வாயுவைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவில்) தண்ணீர் வற்றியிருந்தால் சாக்கடை வாயு மேலே வரும். வாரம் ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள்.

கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். அப்போது கிழக்கு ஜன்னல்தான் நுழைவு. மெயின் ரோடு பக்கம் இருப்பவர்கள் நெரிசல் நேரத்தைத் தவிருங்கள். போகி விடியற்காலையில் மட்டும் எல்லாவற்றையும் மூடி வைப்பதே மேல்.

ஏசி ஓடும்போது என்ன செய்வது?

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திருப்பி ஊதுகிறது. இரண்டு பேர் தூங்கும் மூடிய அறையில் விடியும்போது கார்பன் டைஆக்சைடு 2000 பிபிஎம்மைத் தாண்டுவது சாதாரணம். மனிதன் விட்ட மூச்சே வெளியேறாத அறையில் பலகை விட்டதும் வெளியேறாது. கார்பன் டைஆக்சைடை அளக்கும் என்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் அளக்கும்) வகை மீட்டர் ஓரளவு நம்பகமானது. காற்றோட்டத்தைச் சோதிக்க வீட்டில் வைத்துக்கொள்ளத் தகுந்த ஒரே கருவி என்று இதைச் சொல்வோம். காலையில் 1000க்குக் கீழே இருந்தால் ஓட்டம் நன்றாக இருக்கிறது.

ஏசியால் ஒரு லாபமும் உண்டு. வெப்பத்தையும் ஈரத்தையும் குறைப்பதால் பலகையிலிருந்து வருவதும் குறைகிறது. ஆகவே ஏசியை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு சிறிது வெளிக்காற்றையும் சேருங்கள். 4 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை இரவு முழுக்க ஓடவிட்டு, எதிர்ப்பக்கம் ஜன்னலை அரை அங்குலம் திறந்து வைத்தால் மணிக்கு ஒருமுறைக்கு மேல் காற்று மாறும்.

கரன்ட் பில்? மணிக்கு 35 கன மீட்டர் வெளிக்காற்றைக் குளிர்விக்க எட்டு மணி நேரத்துக்குக் கூடுதலாக ஒரு யூனிட் அளவுதான் ஆகும். குழந்தை தூங்கும் அறைக்கு இதைத் தாராளமாகச் செலவழிக்கலாம். ஜப்பானில் 2003 ஜூலை முதல், புதிய வீடுகளில் மணிக்கு பாதி அறைக் காற்றாவது இயந்திரம் மூலம் மாற வேண்டும் என்பது கட்டடச் சட்டம். காரணம் இதே ஃபார்மால்டிஹைடுதான்.

குடிபோகும் முன் எவ்வளவு நாள் காற்றாட விட வேண்டும்?

கிரகப்பிரவேச நாளைக் குறித்துவிட்டு அதற்கு முந்தின வாரம் பாலிஷ் அடிப்பதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு. பால் காய்ச்சுவது நல்ல நாளில் நடக்கட்டும். படுத்துறங்கப் போவதை நான்கு முதல் ஆறு வாரம் தள்ளுங்கள்.

லீட் என்ற பசுமைக் கட்டடத் தரத்தில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு சதுர அடி தரைக்கு 14,000 கன அடி வெளிக்காற்று. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 1 கோடியே 40 லட்சம் கன அடி. நிமிடத்துக்கு 1,000 கன அடி தள்ளும் ஏற்பாடு இருந்தால் 233 மணி நேரம், கிட்டத்தட்ட பத்து நாள் இடைவிடாமல் ஓட வேண்டும். அவசரம் என்றால் சதுர அடிக்கு 3,500 கன அடி முடித்துக் குடியேறி, மீதியைத் தொடர்ந்து காற்றோட்டம் கொடுத்து ஈடுகட்டலாம். அது சுமார் 58 மணி நேரம்.

அந்த நாட்களில் எல்லா டிராயரும் வெளியே இழுத்திருக்க வேண்டும், எல்லாக் கதவும் திறந்திருக்க வேண்டும், சீலிங் ஃபேன் சுற்ற வேண்டும். மெத்தை, திரை, துணிமணி எதையும் அதற்குள் கொண்டு வராதீர்கள். அவை நெடியை உறிஞ்சிக்கொண்டு பிறகு மாதக் கணக்கில் திருப்பி விடும்.

வீட்டைச் சூடேற்றி வாயுவை விரட்டலாம் என்கிறார்களே?

கரைப்பான்களுக்கு ஓரளவு பலிக்கும். ஃபார்மால்டிஹைடுக்குப் பலன் குறைவு, ஏனென்றால் ஈரம் வரும்போதெல்லாம் புதிதாக உண்டாகிறது. ஹீட்டர் வாங்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலே போதும்: காலை பத்து முதல் மூன்று மணி வரை மூடி, பிறகு எல்லா ஃபேனும் போட்டு இரண்டு மணி நேரம் திறந்து விடுங்கள். மூடி வைத்து, திறக்க மறந்தால் சுவரும் ஜிப்சம் சீலிங்கும் அந்த வாயுவைக் குடித்துவிடும். அது செய்யாததைவிட மோசம்.

செய்து முடித்த மரவேலையில் எதையாவது மாற்ற முடியுமா?

முடியும். எங்கள் அனுபவத்தில் காற்றோட்டத்துக்கு அடுத்தபடி பலன் தருவது இதுதான்.

மைக்கா ஒட்டிய முகத்தை விட்டுவிடுங்கள். மேலே எதுவும் ஒட்டாமல், பூசாமல் பச்சையாக விடப்பட்ட இடங்களைத் தேடுங்கள். டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு கதவின் கீலுக்குப் பின்னால் பாருங்கள்: 35 மில்லிமீட்டர் வட்டக் குழிக்குள் எம்டிஎஃப் பழுப்பு நிறத்தில் அப்படியே தெரியும். பிறகு தட்டுகளின் பின் ஓரம், டிராயரின் அடிப்பலகை, கிச்சன் கேபினெட்டின் அடிப்பக்கம், சிங்க் பைப்புக்கும் கேஸ் டியூபுக்கும் போட்ட ஓட்டை, சுவரைப் பார்த்த பின்பலகை. ஓரத்தில்தான் பலகையின் உட்புறம் திறந்திருக்கிறது. அதே பரப்பில் முகத்தைவிட அங்கிருந்து பல மடங்கு வரும்.

தெரியும் ஓரங்களுக்கு எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டச் சொல்லுங்கள். எட்ஜ் பேண்ட் ஒட்ட முடியாத இடங்களில் தண்ணீரில் கலக்கும் மர சீலரை இரண்டு மூன்று கோட் அடியுங்கள். முதல் கோட்டை ஓரம் முழுசாகக் குடித்துவிடும், அதனால் ஒரே கோட் அடித்தால் பயனில்லை. ஒவ்வொன்றும் காய்ந்தபின் மெல்லிய உப்புத்தாள் தேய்த்து அடுத்தது. கீல் குழிக்குக் கீலைக் கழற்றித்தான் அடிக்க வேண்டும். ஓட்டைகளை அலுமினிய டேப்பால் மூடலாம். இதற்குத் தின்னர் கலந்த சீலரை வாங்கி வந்தால் ஒன்றைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டுகிறோம்.

கிச்சன் சிங்குக்கு அடியில் தண்ணீர் கசிவு இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். நனையும் பலகை ஊறி உப்புவது மட்டுமில்லை. ஃபார்மால்டிஹைடை அதிகம் விடுவதும் அதுவே.

ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா?

ஹெப்பா ஃபில்டர் தூசைப் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும். வாயுவுக்கு ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும். வீட்டு மெஷின்களில் பலவற்றில் அது கரித்தூள் தெளித்த மெல்லிய துணிதான். புது மரவேலை உள்ள அறையில் சில வாரத்தில் நிறைந்துவிடும்; நிறைந்தபின் வெக்கையான நாளில் பிடித்ததையே திருப்பி விடும். கார்பனின் எடை கிலோ கணக்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபார்மால்டிஹைடைச் சாதாரண கார்பன் சரியாகப் பிடிக்காது. அதற்கென வேதிப்பொருள் ஏற்றிய கார்பனோ பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஏற்றிய குருணையோ வேண்டும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் போனால் கார்பனின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். ஏசி இல்லாத கடலோர வீட்டில் பாதிப் பணம் வீண்.

ஓசோன் விடும் மெஷினைக் கண்டிப்பாக வாங்காதீர்கள். எலுமிச்சை வாசனைத் தரைத் துடைப்பானோடு ஓசோன் சேர்ந்தால் புதிதாக ஃபார்மால்டிஹைடு உண்டாகும்.

செடி, கரித்துண்டு, சாம்பிராணி?

செடி பற்றிய நம்பிக்கை நாசா 1989இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அது காற்றுப் புகாத சிறிய பெட்டிக்குள் நடந்த சோதனை. 2019இல் அதுபோன்ற ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, வீட்டில் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்று வந்தது. அழகுக்கு வையுங்கள்.

கரித்துண்டுப் பை மூடிய டிராயருக்குள் கொஞ்சம் வாசனையைக் குறைக்கும். வெட்டிய வெங்காயம் ஒன்றும் செய்யாது. சாம்பிராணி நெடியை மறைக்கும், புகையைச் சேர்க்கும். கொசுவத்திச் சுருள் அதைவிட மோசம்: ஒரு சுருள் விடும் ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட் அளவு வரை இருக்கலாம் என்று 2003இல் வெளியான ஆய்வு அளந்து சொன்னது. வலை கட்டுங்கள். புது வார்ட்ரோபுக்குள் அந்துருண்டை போடுவதையும் விட்டுவிடுங்கள். நாப்தலினுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை ஃபார்மால்டிஹைடுக்குச் சொன்னதில் பத்தில் ஒரு பங்குதான்.

இனிமேல்தான் வேலை தொடங்கப் போகிறோம். எதை வாங்குவது?

பிளைவுட்டில் எம்ஆர் வேண்டாம். இந்தியத் தர எண்களான ஐஎஸ் 303 பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும் வகை) அல்லது ஐஎஸ் 710 கேளுங்கள். இவற்றில் பெரும்பாலும் ஃபீனால் பசை; அது ஈரத்தில் உடையாது, வெளியேறுவதும் மிகக் குறைவு. வெட்டிய ஓரத்தில் பசைக்கோடு கருஞ்சிவப்பாகத் தெரியும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்: கைப்பிடித் துண்டு ஒன்றைக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். எம்ஆர் சீக்கிரமே பிரிந்துவிடும், பிடபிள்யூஆர் எட்டு மணி நேரம் தாங்க வேண்டும்.

எம்டிஎஃப் தவிர்க்க முடியாத இடத்தில் ஃபார்மால்டிஹைடு குறைவு என்று காட்டும் அமெரிக்கக் கார்ப் (கலிஃபோர்னியா காற்று வாரியம்) இரண்டாம் கட்டத் தரமோ ஜப்பானிய நான்கு நட்சத்திரத் தரமோ உள்ளதை வாங்குங்கள். வார்ட்ரோப் உட்புறம், பின்புறம் எல்லாம் லைனர் மைக்கா (உட்புறத்துக்கான மெல்லிய மைக்கா) என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் சுவர்ப்பக்கம் பச்சையாகவே நிற்கும்.

பெயின்ட்டில் டப்பாவின் பின்னால் லிட்டருக்கு எத்தனை கிராம் விஓசி (ஆவியாகும் கரிமப் பொருள்) என்று பாருங்கள். பளபளப்பில்லாத சுவர் எமல்ஷனுக்கு ஐரோப்பிய எல்லை 30 கிராம். எண்ணெய்க் கலவை எனாமலுக்கு அங்கேயே 300 வரை அனுமதி உண்டு. வித்தியாசம் அவ்வளவு. ஆகவே கதவு, கிரில்லுக்கும் தண்ணீரில் கலக்கும் எனாமலே கேளுங்கள்.

வாடகை வீடு. எதையும் கழற்ற முடியாது.

படுக்கையை அதிக மரவேலை இல்லாத அறைக்கு மாற்றுங்கள். குழந்தையின் துணியை அந்த அலமாரியில் வைக்காதீர்கள். ஜன்னலில் ஆணி அடிக்க முடியாது என்றால் பெடஸ்டல் ஃபேனை ஜன்னலிலிருந்து ஒன்றரை அடி உள்ளே, வெளியே பார்த்து வையுங்கள். அலுமினிய டேப்பும் எட்ஜ் பேண்டும் வீட்டு உரிமையாளர் மறுக்கும் வேலைகள் இல்லை.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது, எப்போது பலகையையே எடுத்துவிடுவது?

மூச்சிரைப்பு, இழுப்பு, ஆஸ்துமா அடிக்கடி கிளம்புவது இவை இருந்தால் முதலில் மருத்துவர். வீட்டை விட்டு வெளியே போகும் நாட்களில் குறைகிறதா என்பதைத் தேதியோடு குறித்துக் காட்டுங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தையும் அந்த அறையில் தூங்க வேண்டாம்.

மூன்று மாதம் காற்றோட்டமும் சீலரும் சரியாகச் செய்தபிறகும் ஆய்வக அளவு 0.1 மில்லிகிராமுக்கு மேலேயே நின்றால் எந்தப் பலகை குற்றவாளி என்று கண்டுபிடிக்க வேண்டும். டிராயர்களையும் கழற்ற முடிந்த தட்டுகளையும் ஒரு வாரம் பால்கனியில் வைத்து மறுபடி அளக்கலாம். நிலையான பலகைகளைச் சமையலறை அலுமினியத் தாளால் போர்த்தி, ஓரங்களை டேப் ஒட்டி, இரண்டு நாள் கழித்து அளந்து பாருங்கள். எதை மூடும்போது எண் நன்றாக இறங்குகிறதோ அதுவே எடுக்க வேண்டியது. பல வீடுகளில் அது 6 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பின்பலகையாக இருக்கும், ஒரு பக்கம் பச்சையாக விடப்பட்டது. வார்ட்ரோப் முழுவதையும் உடைக்காமல் அதை மட்டும் பிரித்து, அதே கனத்தில் ஃபீனால் பசை பிளைவுட் போட்டு, நான்கு ஓரமும் சீலர் அடித்தபின் பொருத்துங்கள்.